சர்வருக்கு யாரும் சொல்லவில்லை

எங்கள் கம்பெனியில் சுவர்க் கடிகாரங்கள் எல்லாமே ஏழு நிமிடம் முந்தி ஓடும். பழுது ஒன்றும் இல்லை, வேண்டுமென்றே வைத்தது. குன்றத்தூரிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் வருகிற கம்பெனி பஸ்கள் ஒரகடம் சிக்னலில் மாட்டிக்கொள்ளும். ஆட்கள் இறங்கி, போனை கேட் லாக்கரில் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு லைனுக்கு வருவதற்குள் ஷிஃப்ட் ஆரம்பித்திருக்கும். இதற்கு வைத்தியமாக எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருநாள் ஏணி போட்டு எல்லாக் கடிகாரங்களின் முள்ளையும் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் எல்லோரும் பதறினார்கள். பிறகு கழித்துப் பார்க்கப் பழகிவிட்டார்கள். சாயங்காலம் பஸ் மட்டும் நிஜ நேரத்துக்குத்தான் கிளம்பும். லைன் நின்ற பிறகு கிடைக்கிற அந்த ஏழு நிமிடத்தில் பெண்கள் கேட் பக்கம் தலையைப் பின்னிக்கொண்டும் கதை பேசிக்கொண்டும் நிற்பார்கள். நானும் அவர்களோடு நிற்பேன்.

நான் அங்கே ஐடி. கதவில் டிபார்ட்மென்ட் என்று போர்டு இருக்கும், உள்ளே நான் ஒருத்திதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மேனேஜருக்கு மெயில் திறக்கவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று வருகிறவர்கள் கதவுக்கு வெளியிலேயே நின்று ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

லைனில் வேலை செய்கிறவர்களுக்கான பயிற்சிப் பாடங்களும் தேர்வுகளும் ஒரு வெப் ஆப்பில் இருந்தன. வெளியே யாருடைய கம்ப்யூட்டரிலோ அல்ல, எங்கள் சர்வரிலேயே நான் ஓட்டிக்கொண்டிருந்தது. கன்டெய்னரில் ஓடுகிறது என்று ஒரு மீட்டிங்கில் சொல்லப்போக, ஸ்டோர்ஸ் ஆபீசர் ஜன்னல் வழியாக யார்டை எட்டிப் பார்த்தார். ஒரகடத்தில் கன்டெய்னர் என்றால் லாரிமேல் வருவதுதான். இதுவும் டப்பாதான் சார் என்றேன். லாகின் பார்க்கிற புரோகிராம் ஒரு டப்பா, பாடம் நடத்துவது ஒரு டப்பா, மார்க் வைத்திருப்பது இன்னொரு டப்பா. மூன்றும் ஒரே மெஷினுக்குள் இருந்துகொண்டு அந்த மெஷின் என்ன சொல்கிறதோ அதை நம்பும். அன்று பாதி விளையாட்டாகச் சொன்னது இது.

எங்களிடம் உதிரிபாகம் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஒருமுறை ஆடிட் வந்துவிட்டு இரண்டு உத்தரவு போட்டார்கள். ஒன்று, சர்வருக்கு இன்டர்நெட் கூடாது. இரண்டு, ஆப்புக்குள் நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாது, போனில் மாறிக்கொண்டே இருக்கிற ஆறு இலக்க ரகசிய எண்ணும், அதாவது கோடும், வேண்டும். போனையோ கேட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறோம். அதனால் தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் செக்யூரிட்டியிடம் சொல்லி, கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, போனை ட்ரெய்னிங் ரூம் வரை எடுத்து வரலாம் என்று ஏற்பாடு. அந்த ஆடிட்டில் எனக்கும் ஒரு குட்டு விழுந்தது. அவசரத்துக்கு யாரையும் கேட்காமல் நானே சிலரின் கணக்குகளைத் திருத்தியிருந்தேன். இனி கணக்கில் பாஸ்வேர்டு தவிர எதை மாற்றுவதானாலும் எச்ஆரின் அனுமதி மெயிலில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வருடம் ட்ரெய்னியாக இருந்த பெண்களில் சிலரைப் பர்மனன்ட் ஆக்குவதாக அறிவிப்பு வந்தது. ஆப்பில் ஒரு தேர்வு. கடைசி நாள் சாயங்காலம் ஐந்துக்குள் உள்ளே நுழைந்து ஆரம்பித்துவிட்டால் போதும். தேறியவர்களுக்கு வேலை நிச்சயம். மற்றவர்களுக்கு மாதக் கடைசியோடு பயிற்சிக் காலம் முடிகிறது. வடக்குப்பட்டு பக்கம் இருந்த ஹாஸ்டலில் கட்டிலையும் காலி செய்துவிட வேண்டியதுதான்.

அவர்களில் ஒருத்தி தென்காசிப் பக்கத்துப் பெண். என்னிடம் பயப்படாத ஒரே ட்ரெய்னி அவள்தான். நான் எரிந்து விழுந்தால், "ஏன்க்கா இப்படிக் கத்துதீக, சாப்பிடலியா?" என்று கேட்பாள். நான் சிரித்துவிடுவேன். அப்படித்தான் பழக்கம். தன் தங்கையைக் குன்றத்தூர் பக்கம் ஒரு காலேஜில் சேர்த்திருந்தாள். பர்மனன்ட் ஆனதும் இரண்டு பேரும் சேர்ந்து இருக்க ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் மலைக்கோயில் தெரியுமாம். கேட் பக்கம் நிற்கும்போதெல்லாம் அந்த ஜன்னல் கதைதான்.

மற்ற பெண்கள் ஆயுத பூஜைக்கு முன்பே எழுதி முடித்துவிட்டார்கள். இவளை மட்டும் லைனிலிருந்து விடவில்லை. இவள் கை வேகம், இவள் நகர்ந்தால் எண்ணிக்கை குறையும். கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர், "பூஜை முடியட்டும், ஆள் போட்டு உன்ன அனுப்பறேன்" என்றார். அவளும் சரி என்று இருந்துவிட்டாள். படிக்க இன்னும் நேரம் கிடைக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம்தான்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவோம். மறுநாளும் லீவு. சர்வரையும் விட மாட்டோம். நானே அதை முறையாக அணைத்து, நெற்றி மாதிரி இருக்கிற இடம் பார்த்துப் பொட்டு வைத்தேன். வருடம் முழுக்க ஓடுகிற மெஷின், அன்றைக்காவது தூங்கட்டும் என்று எனக்கு ஒரு பிரியம். உள்ளே நேரத்தைக் காப்பாற்றுகிற பொத்தான் பேட்டரி செத்துப் போயிருந்தது தெரியாது. அணைக்காத வரை அது தெரிய வாய்ப்பும் இல்லை.

லீவு முடிந்த காலை என் பஸ் வழக்கம்போல சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து எலக்ட்ரீஷியன் அண்ணன் கூப்பிட்டார். "இன்னாம்மா இது, உன் பொட்டி ஆன் ஆவல. தேதி கேக்குது, டைம் கேக்குது." கேட்கிறதைப் போட்டுவிட்டு அது சொல்கிற பட்டனை அமுக்குங்கள் என்றேன். அவர் போட்டார். சர்வர் எழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது எல்லா விளக்கும் பச்சையாக இருந்தது. அன்றே ஆப்பின் புது வெர்ஷனையும் ஏற்றினேன்.

மறுநாள்தான் தேர்வுக்குக் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை லைனிலிருந்து விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என் கதவில் தலை தெரிந்தது.

"அக்கா, உள்ள விட மாட்டேங்குதுக்கா. கோடு தப்புன்னே சொல்லுது."

"ஒழுங்கா பாத்துப் போட்டியா?"

"பாத்துதான்க்கா போட்டேன். மாத்தி மாத்திப் போட்டுட்டேன்."

எழுந்து ட்ரெய்னிங் ரூமுக்குப் போனேன். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன். சரியாக ஏற்றுக்கொண்டு, அடுத்த பக்கத்தில் கோடு கேட்டது. அவள் போனைப் பார்த்து இலக்கங்களைப் படித்தாள், நான் டைப் செய்தேன். தவறு என்றது. வேறு பிரவுசர், வேறு கம்ப்யூட்டர், எல்லாம் பார்த்தாகிவிட்டது. தவறு, தவறு. "உன் போன் ராசியா, உன் ராசியா?" என்று அவளைக் கடிந்துகொண்டேன். "ரெண்டும்தான்க்கா" என்று சிரித்தாள். அப்போது அவளுக்குப் பயம் வரவில்லை. நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மற்ற யாருக்கும் கோளாறு இல்லை. ஆபீஸ் ஆட்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்கள், அவர்களிடம் ஆப் மறுபடி கோடு கேட்கவில்லை. நான் சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து செய்வதால் என்னிடமும் கேட்காது. ஆக, பூஜைக்குப் பிறகு புதிதாக வாசலில் வந்து நின்றவள் அவள் ஒருத்திதான். புது வெர்ஷன்தான் சதி செய்கிறது என்று முடிவு கட்டினேன். நேற்று ஏற்றியதை இறக்கி, பழையதை வைத்து, டப்பாக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி எழுப்பினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் போனது. கோடு தவறு என்றே வந்தது.

லாகின் டப்பாவின் லாகை, அதாவது அதன் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு முயற்சியும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. கோடு தப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியதே நேரத்தைத்தான். போனும் சர்வரும் தனித்தனியாக மணி பார்த்துத்தான் அந்த ஆறு இலக்கத்தைக் கணக்குப் போடுகின்றன. இரண்டின் மணியும் ஒத்துப்போனால்தான் இலக்கமும் ஒத்துப்போகும். இது எனக்குத் தெரியாததல்ல. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். லாகில் இருந்த நேரமும் சுவரில் இருந்த நேரமும் ஒன்றுதான். நேரம் சரி என்று அந்த வழியை மூடிவிட்டு வேறு பக்கம் போனேன்.

நான்கு மணி டீ வந்தது, குடிக்கவில்லை. எச்ஆருக்கு மெயில் போட்டேன்: இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் இன்று கோடு கேட்பதை நிறுத்த அனுமதி வேண்டும். பதில் இல்லை. போனில் கூப்பிட்டால், சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். மீட்டிங் ரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டினேன். அவர் உள்ளிருந்து, அப்புறம் என்று கை காட்டினார்.

திரும்பி வந்தபோது அவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். "அக்கா, அஞ்சுக்குள்ள ஆயிரும்லக்கா?" என்றாள். "ஆயிடும், சும்மா இரு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அதுவரை அவள் போனை நான் கையில் வாங்கவில்லை. அவள் படிப்பாள், நான் போடுவேன். இப்போது அவள் பதற்றத்தில் இலக்கங்களை மாற்றிப் படித்தாள். எரிச்சலில் போனைப் பிடுங்கினேன். கோடுக்கு மேலே, திரையின் மூலையில் மணி இருந்தது. சுவரைப் பார்த்தேன். மறுபடி போனைப் பார்த்தேன். சுவரோடு ஒத்துப்போன சர்வரும் ஏழு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மத்தியானத்திலிருந்து அந்த இரண்டு மணியையும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். போனுக்கும் சுவருக்கும் ஏழு நிமிடம் வித்தியாசம் இருப்பது அவளுக்கு அதிசயமில்லை. எங்கள் கம்பெனியில் யாருக்குமே அதிசயமில்லை. உள்ளே வந்துவிட்டால் சுவர் சொல்வதுதான் நேரம், பஸ்ஸுக்கு மட்டும் கழித்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியன் அண்ணனை இன்டர்காமில் பிடித்தேன். "செவுத்து கெடியாரம் பாத்துதாம்மா வெச்சேன். என் போனு கேட்டாண்ட லாக்கர்ல கீது. வேற எத்தப் பாத்து வெக்கறது?" என்றார். அவரைச் சொல்லி என்ன இருக்கிறது. இன்டர்நெட் இருந்திருந்தால் சர்வர் தானே வெளியே கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கும். அதையும் அடைத்தாகிவிட்டது.

சர்வர் ரூமுக்கு ஓடி நேரத்தைத் திருத்தினேன், டப்பாக்களை எழுப்பினேன், திரும்பி ஓடி வந்தேன். அவள் கோடு போட்டாள். முதல் தடவையிலேயே திறந்தது. பெயர் சொல்லி வணக்கம் வைத்தது. நாங்கள் இரண்டு பேரும் கத்திவிட்டோம். கீழே இன்னொரு வரி இருந்தது: இந்தத் தேர்வுக்கான நேரம் முடிந்துவிட்டது.

அவள் போனில் இன்னும் ஐந்து ஆகவில்லை. ஆனால் நான் திருத்துவதற்குச் சற்று முன்பே சர்வர் தன் கணக்குப்படி ஐந்தைத் தாண்டிவிட்டது. தாண்டியதும் தேர்வை மூடி, அவள் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதி, பட்டியலைக் கம்பெனியின் உள் நெட்வொர்க் வழியாகவே எச்ஆருக்கும் ஹெட் ஆபீசுக்கும் அனுப்பிவிட்டது. அப்படித் தானாக அனுப்பும்படி நான்தான் அமைத்திருந்தேன். யாரும் கேட்காமலே வேலை நடக்கிறது என்று எச்ஆர் ஒருமுறை பாராட்டியிருந்தார்.

அவளை இழுத்துக்கொண்டு எச்ஆர் ரூமுக்குப் போனேன். மீட்டிங் முடிந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைத் திருப்பி, தன் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

"மணி அஞ்சு தாண்டிடுச்சேம்மா."

"சார், அது ஃபாஸ்ட் சார்."

"அது எல்லாருக்கும் தெரியுமே."

"சர்வருக்குத் தெரியாது சார். யாரும் சொல்லல."

அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்தார். பிறகு, லிஸ்ட் ஹெட் ஆபீஸ் போய்விட்டது, இனி திறந்தால் ஆடிட்டில் கேள்வி வரும், அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்றார். அடுத்த பேட்ச் வரும்போது இவள் இங்கே இருக்க மாட்டாள் சார் என்றேன். என் குரல் ஏறியது. அவள்தான் என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா, வாங்க" என்று வெளியே கூட்டி வந்தாள்.

சாயங்காலம் என் மெயிலுக்குப் பதில் வந்திருந்தது. மீட்டிங்கிலிருந்தே லேப்டாப்பில் தட்டியிருக்கிறார், வந்து சேர்வதற்குத் தாமதமாகிவிட்டது போலிருக்கிறது. அனுமதிக்கப்பட்டது என்று ஒரே வார்த்தை.

அன்று மத்தியானமே அனுமதி கேட்காமல் அவளுக்கு மட்டும் கோடு கேட்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. பின்னாலும்கூட, 'வரவில்லை' என்ற சொல்லை என் மேசையிலிருந்தே அழித்திருக்கலாம். அதற்கு முன் எத்தனையோ அற்பக் காரியத்துக்கு யாரையும் கேட்காமல் கை வைத்தவள் நான். அன்றைக்குப் பார்த்துத்தானா எனக்கு ஒழுங்கு வந்து தொலைய வேண்டும்? சரியாகத்தான் நடந்துகொண்டேன் என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அந்தச் சரி தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருக்கிறது.

புரொடக்‌ஷன் மேனேஜரிடமும் போய்ச் சண்டை போட்டேன். "கெடியாரம் மனுஷாளுக்கு வெச்சதும்மா, மெஷினுக்கா வெச்சேன்?" என்றார். அதுவும் நியாயம்தான். எல்லோரிடமும் ஒரு நியாயம் இருந்தது.

மாதக் கடைசி வந்தது. கம்பெனியை விட்டுப் போகிறவர்கள் ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஐடியின் கையெழுத்து என்றால், அவர்களுடைய லாகினை நான் மூட வேண்டும், அன்று ஐந்து மணியோடு. அவள் என்னிடம்தான் கடைசியாக வந்தாள். யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பச்சைச் சுடிதாரில் வேறு யாரோ மாதிரி இருந்தாள். கையில் போன் இருந்தது, லாக்கரிலிருந்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை சொல்லியிருக்கிறார்களாம். தங்கை இங்கேயே காலேஜ் ஹாஸ்டலில் இருப்பாள்.

"அந்த ரூமு?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேற யாரோ வந்துட்டாகக்கா. நல்ல ரூமுக்கா அது" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன். அவள்தான், "மூடுததுக்கு முன்ன ஒருக்கா உள்ள போய்ப் பாக்கட்டாக்கா?" என்றாள். நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்கார வைத்தேன். பாஸ்வேர்டு போட்டாள், கோடு போட்டாள். தடங்கல் இல்லாமல் திறந்து, பெயர் சொல்லி வணக்கம் வைத்தது.

"இப்பம் விடுது பாருங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உள்ளே மாதிரித் தேர்வு ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். பழகிக்கொள்வதற்காக வைத்தது, மார்க்குக்குப் பிரயோஜனமில்லை. அவள் அதை அழுத்தினாள். கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் முணுமுணுத்துப் படித்து, விடையை அழுத்தினாள். ஒரு கேள்விக்குத் தப்பு என்று சிவப்பாக வந்தபோது, "இது எப்படிக்கா தப்பாகும், லைன்ல நாங்க இப்படித்தான செய்யுதோம்?" என்று திரையோடு சண்டைக்குப் போனாள். அடுத்த கேள்விக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள்.

வெளியே லைன் நிற்கிற மணி அடித்தது. பெண்கள் பேசிக்கொண்டு கேட் பக்கம் போகிற சத்தம் கேட்டது. அவள் சட்டென்று நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஐந்து.

"மூடணும்லக்கா?" என்று மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

நான் சுவரைப் பார்க்கவில்லை. மேசை மேல் கிடந்த அவள் போனைத் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னும் டைம் இருக்குடி. நீ போடு" என்றேன்.